தேடுவதற்கு ஒரு நாள் கூலி

நம் மலையூர் தானா ராத்தாவில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் போட்டுப் புலம்பினார். காரில் கம்ப்யூட்டரைச் செருகி, அரை நாள் மெனக்கெட்டு, எந்த ஒயரில் கோளாறு என்று கண்டுபிடித்திருக்கிறார். அதற்குக் கூலி கேட்டதும் காருக்குச் சொந்தக்காரர் முகம் கோணிவிட்டது. "பாத்ததுக்கெல்லாமா காசு? சாமான் ஒண்ணும் மாத்தலையே?" என்று கேட்டிருக்கிறார். "உங்க காலத்துல இந்தத் தொல்லை எல்லாம் இருந்திருக்காது, இல்லண்ணே?" என்றார் தம்பி.

இருந்தது தம்பி. இதைவிட மோசமாகவே இருந்தது. உங்களிடமாவது காட்டுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு சின்ன பல்பும் அதில் பற்றவைத்த இரண்டு ஒயரும்தான். அதைப் பார்த்து யாருக்கு மரியாதை வரும்?

எழுபதுகளில் நான் பிரிஞ்சாங்கில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் வேலை பார்த்தேன். இஞ்சின் வேலை அவருடையது, ஒயர் வேலையெல்லாம் என்னுடையது. தவுக்கே நன்றாகத் தமிழ் பேசுவார். மரியாதையாகப் பேச மட்டும் தெரியாது. தோட்டத்துத் துரையே காரைக் கொண்டுவந்தாலும் "நீ போய்ட்டு நாளைக்கு வா லா" என்பார். துரைக்குத் தமிழ் அரைகுறை என்பதால் பிழைத்தார்.

எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் காசு. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாளெல்லாம் பறித்த கொழுந்தைத் தராசில் ஏற்றி, நிறுத்த நிறைக்குக் கூலி வாங்கிப் பழகியவர்கள். தராசில் ஏறாத ஒன்றுக்குக் காசு கேட்டால் அவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு துருப்பிடித்த முனையைச் சுரண்டிச் சரி செய்தவனுக்கு ஒரு காப்பிகூடக் கிடைக்காது. நல்ல டைனமோவைக் கழற்றிவிட்டுப் புது டைனமோ மாட்டியவனுக்குக் கேட்ட காசு கிடைக்கும். இந்த நிலைமையில் ஒரு மெக்கானிக் எதைக் கற்றுக்கொள்வான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதே தோட்டத்தில் கொழுந்துக்குத்தான் நிறைக் கூலி. களை வெட்டப் போகிறவனுக்கும் மருந்தடிக்கப் போகிறவனுக்கும் நாள் கூலி. மழை பெய்து களை மறுபடி முளைத்தாலும் அவன் கூலி அவனுக்கு உண்டு. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகவே பானட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: "தேடறதுக்கு ஒரு நாள் கூலி. கண்டுபிடிச்சாலும் சரி, பிடிக்காட்டியும் சரி. மாத்த வேண்டியது இருந்தா அது தனிக்கணக்கு." சிலர் திரும்பிப் போய்விடுவார்கள். போகட்டும். இருப்பவர்கள் வேலை முடிந்த பிறகு முகம் கோண மாட்டார்கள். வேலை முடிந்த பிறகு சொல்லப்படும் எந்தக் கூலியும் கொள்ளையாகத்தான் தெரியும்.

இது போதாதா, இவன் இன்னும் என்ன சொல்லப் போகிறான் என்று நினைப்பீர்கள். கூலியைப் பேசுவது சுலபம் தம்பிகளே. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் என் மண்டை காய்ந்தது. அதற்குச் சின்னையாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

சின்னையா டாக்சி ஓட்டுபவர். கறுப்பு உடம்பும் மஞ்சள் தலையுமாக ஒரு பழைய பெட்ரோல் வண்டி. அதற்கு முன் பல வருஷம் தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர். நெஞ்சு இரைக்க ஆரம்பித்ததும், இருந்ததை எல்லாம் விற்றுச் சுட்டு இந்த வண்டியை வாங்கி டாக்சி ஓட்டத் தொடங்கினார். மனைவி அஞ்சலை இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், பிள்ளைப்பேறு என்றாலும், ஆபீசிலிருந்து கிராணி என்ற கணக்கர் சின்னையாவைத்தான் கூப்பிடுவார். கூலி ஆபீசில் கிடைத்துவிடும். அந்த ஓட்டம்தான் குடும்பத்துக்குச் சோறு.

அவர் என்னிடம் வந்த காலையில் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிரிஞ்சாங் மார்க்கெட் மேட்டில் முட்டைக்கோஸ் லோரிக்குப் பின்னால் நின்று போனதாம்.

"சில நாள் காலையில ஸ்டார்ட் ஆகும். சில நாள் உயிரே இருக்காதுண்ணே," என்றார் சின்னையா. "போன வாரம் ஒரு பிள்ளத்தாச்சிய ஏத்தி வச்சிட்டு சாவியத் திருப்புறேன், டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போயிட்டிருந்த ஆளுங்களக் கூப்பிட்டுத் தள்ளவிட்டு எறக்கத்துல உருட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். கிராணி சொல்லிட்டாரு, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ரிங்லெட் டாக்சியக் கூப்பிட்டுக்குவேன்னு."

"வேற எங்கயும் காட்டுனீங்களா?"

சின்னையா பின்பக்கத்தைத் திறந்து ஒரு கோணிச் சாக்கைக் காட்டினார். உள்ளே ஒரு டைனமோ, ஒரு ஸ்டார்ட்டர், ஒரு ரெகுலேட்டர். மலையிலும் மலைக்குக் கீழேயும் பல பட்டறைகளில் ஒவ்வொன்றாக மாற்றியது. பேட்டரியையும் முதலிலேயே இரண்டு தடவை மாற்றியாயிற்று. பழைய சாமானை எல்லாம் பத்திரமாக வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றை மாற்றிய பிறகும் வண்டி சில வாரம் ஒழுங்காக ஓடியதாம். பிறகு பழைய குருடிதான்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்ண்ணே," என்றார். "கம்போங் ராஜாவுலருந்து காய்கறி யாவாரி ஒருத்தரு சாயங்காலம் தோட்டத்துக்கு வராரு. காடிய அவருக்குக் குடுத்துடறதாப் பேசியாச்சு. காய்கறி ஏத்தப் போறாராம். நீங்க சரிபண்ணிட்டா குடுக்க வேணாம். இல்லன்னா நான் மறுபடி பம்பத் தூக்க வேண்டியதுதான்."

காடி என்பது எங்கள் பேச்சில் கார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் இருமினார். வேண்டுமென்று இருமவில்லை, அந்த நெஞ்சு அப்படி. எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. ஆனாலும் கூலிப் பேச்சைச் சொல்லிவிட்டுத்தான் பானட்டைத் திறந்தேன். பாவம் பார்த்துக் கூலி பேசாமல் தொடங்குகிறவன் மத்தியானத்துக்குள் எரிச்சல்பட ஆரம்பித்துவிடுவான். எரிச்சலோடு தேடினால் எதுவும் கிடைக்காது.

முதலில் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். அதைக் கழற்றப் போகும்போதே சின்னையா இன்னொரு காரியம் செய்தார். முன்சீட்டிலிருந்து ஒரு சின்ன பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே கிளிப் வைத்த இரண்டு ஒயர். "பெரிய பேட்டரியக் கழட்டறதுக்கு முன்னாடி இதைத் தொடுத்துடுங்கண்ணே. எல்லாக் கடையிலயும் அப்படித்தான் செஞ்சாங்க. சாமி வெளக்கு அணையக்கூடாது."

காரின் முன்பலகையில் முருகன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்கு மேலே சிவப்பாக ஒரு குட்டி பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் நம் சனங்களின் வண்டிகளில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சரி என்று அவர் சொன்னபடியே தொடுத்தேன். நம் ஊரில் எந்த மெக்கானிக்கும் வண்டிச் சாமியில் கைவைக்க மாட்டான். தவுக்கேகூடப் பக்கத்தில் ஸ்பானரைப் போட மாட்டார்.

பேட்டரி ஏறியதும் சோதனையை ஆரம்பித்தேன். வண்டி சும்மா நிற்கும்போது கரண்டு எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க நான் வைத்திருந்த முறை இதுதான். பேட்டரி முனையைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் என் பல்பை வைப்பேன். பல்பு எரிந்தால் எங்கோ ஒழுகுகிறது. எரியாவிட்டால் ஒழுக்கு இல்லை. வைத்தேன். எரியவில்லை.

ஒழுக்கு இல்லையென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. டைனமோ நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் ஒயரைத் தேய்த்து மாட்டினேன். ஆர்வம் தாங்காமல் சாக்கில் இருந்த பழைய டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் சோதித்துப் பார்த்தேன். அவையும் நன்றாகவே இருந்தன. நல்ல சாமானைக் கழற்றி, நல்ல சாமானை மாட்டி, ஒரு மனிதனின் சம்பாத்தியத்தை எல்லாம் தின்றுவிட்டு வண்டி அப்படியே இருக்கிறது. அடுத்து நான் எதை மாற்றப் போகிறேன்?

மத்தியானம் தவுக்கே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, கெடைக்கலையா?"

"இன்னும் இல்ல தவுக்கே."

"எல்லா ஒயரும் மாத்திடு லா. புதுசு போடு. எங்க கோளாறு இருந்தாலும் போயிடும். நீ தேட வேணாம்."

கேட்பதற்கு நியாயமாக இருக்கும் பேச்சு இது. நீங்களும் இதைச் சொல்வீர்கள், உங்களிடமும் சொல்வார்கள். எங்கே என்று தெரியாதபோது எல்லாவற்றையும் மாற்றுவது. ஒயர் முழுவதையும் மாற்றினால் பட்டறைக்கு நல்ல வரும்படி, எனக்கும் பங்கு உண்டு. சின்னையாவோ ஒயரை மாற்ற அஞ்சலையின் சங்கிலியை அடகு வைக்கவும் தயாராக இருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரியாது என்பதைச் சொல்லக் கூச்சப்படுகிறவன், அந்தக் கூச்சத்துக்கு அடுத்தவனிடம் காசு வாங்குகிறான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"டீ குடிச்சிட்டு வரேன்," என்றேன்.

எதிர்க்கடையில் டீயை வாங்கி, பட்டறை வாசலில் நின்று குடித்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பனி ரோட்டுக்கு இறங்கிவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த ஒரு லோரிக்காரன் "என்ன ஒயர்க்காரா, மொகம் தொங்கிப்போச்சு" என்று கேலி செய்துவிட்டுப் போனான். நான் சின்னையாவின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி கழன்று கிடக்கிறது. வண்டியில் எந்த உயிரும் இருக்கக் கூடாது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் அந்தச் சின்ன பேட்டரி உட்கார்ந்து அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது.

சின்ன பேட்டரி தீனி போடும்போது பெரிய பேட்டரியிலிருந்து எதற்கு ஒழுகும்? என் பல்பு எப்படி எரியும்? காலையிலிருந்து நான் வைத்துக்கொண்டிருந்தது சோதனையே இல்லை. எனக்கு முன்னால் பார்த்தவர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"சின்னையா, இந்த வெளக்க எப்ப அணைப்பீங்க?"

"அணைக்கறதே இல்லண்ணே."

"ராத்திரி காடி நிக்கிறப்ப?"

"எரியும். காடி செத்துக் கெடந்த காலையிலகூட எரிஞ்சிச்சு. கொஞ்சம் மங்கலா இருக்கும், ஆனா எரியும். அதான் எல்லாக் கடையிலயும் சொன்னேன், பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வேற எங்கயோ கோளாறுன்னு."

அந்தக் குட்டி பல்புக்குத் தேவை ஒரு மடக்குத் தண்ணீர் என்றால் ஸ்டார்ட்டருக்குத் தேவை ஒரு குடம். குடம் வற்றிய பிறகும் மடக்குக்குத் தண்ணீர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இவர் பேட்டரி நல்லது என்று சத்தியம் செய்திருக்கிறார். கடைக்காரர்களும் நம்பி, ஸ்டார்ட்டரை மாற்றியிருக்கிறார்கள், டைனமோவை மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போதெல்லாம் பேட்டரியையும் சார்ஜ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சில வாரம் ஓடியிருக்கிறது. நம் மலை ரோட்டில் வண்டி மெதுவாகத்தான் ஓடும். பனிக்கு முன்விளக்கு, மழைக்கு வைப்பர். டைனமோ கொடுப்பது அன்றாடச் செலவுக்கே சரி. ராத்திரியெல்லாம் அந்த விளக்கு குடித்ததைத் திருப்பிக் கொடுக்க அதனிடம் மிச்சம் இருக்காது.

சின்ன பேட்டரியைக் கழற்றிவிட்டு என் பல்பை வைத்துப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும். ஆனால் கழற்றவில்லை. அவரைக் கேட்காமல் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பல்பிலிருந்து போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே குனிந்து போனேன். அது பியூஸ் பெட்டிக்குப் போகவில்லை, சாவிக்கும் போகவில்லை. நேராகப் பேட்டரி ஒயரில் போய்ச் சேர்ந்தது. ஒட்டுப் போட்ட இடம் அத்தனை சுத்தமாக இருந்தது. செய்தவன் கைகாரன்.

"யாரு போட்டது இது?"

"டீ பேக்டரி வயர்மேன். சாமி வெளக்குக்கு சுவிட்சு வச்சா மரியாதையில்லன்னு சொல்லி நேரடியாவே குடுத்தாரு."

இங்கேதான் தம்பிகளே நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நாக்கு முந்திக்கொள்ளும். "உன் சாமிதான்யா பேட்டரியைக் குடிக்கிறது" என்று நான் சொல்லியிருந்தால் பட்டறையில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். சின்னையா வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிருப்பார். நான் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, எது எதைக் குடிக்கிறது என்று குடத்தையும் மடக்கையும் வைத்துச் சொன்னேன். சாவியைத் திருப்பினால் எரியட்டும், எடுத்தால் அணையட்டும், அவ்வளவுதான் வேலை என்றேன்.

அவர் அந்தக் கோணிச் சாக்கைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கடைக்காரங்கள்லாம் என்னை ஏமாத்திட்டாங்களா?" என்றார்.

"இல்ல. நீங்க பேட்டரி நல்லதுன்னு சொன்னீங்க, நம்புனாங்க. நானும் காலையிலருந்து நம்பிக்கிட்டுதானே இருந்தேன்."

அது உண்மை. மற்ற பட்டறைக்காரனைத் திட்டி நம் பெயரை ஏற்றிக்கொள்வது ரொம்ப மலிவான வழி. அந்த வழியில் போகாதீர்கள்.

"வெளக்க அணைக்க முடியாதுண்ணே," என்றார் சின்னையா. "அதுக்குக் காடிய வித்துடலாம்."

பிறகு சொன்னார். டாக்சி வாங்கிய புதிதில் தாப்பா ரோட்டில் பனிமூட்டத்தில் வளைவு தெரியாமல் போய், முன்சக்கரம் இரண்டும் ரோட்டை விட்டு இறங்கிவிட்டன. கீழே காடு. வண்டி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. பின்கதவு வழியாக ஊர்ந்து வெளியே வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அஞ்சலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார், காடியில் அணையாமல் ஒரு விளக்கு வைக்கிறேன் என்று. அன்றிலிருந்து அது அணைந்ததில்லை.

"அது அணைஞ்சா எனக்குக் கை நடுங்கும்ண்ணே. ஓட்ட முடியாது."

அந்த நெஞ்சிரைப்புக்காரர் மறுபடி பம்பைத் தூக்கத் தயாராக இருந்தார். விளக்கை அணைக்கத் தயாராக இல்லை. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. அந்த வளைவில் நானும் பனியில் போயிருக்கிறேன்.

இன்னொரு வழி இருந்தது. அதைவிடச் சின்ன பல்பாகப் போட்டுக் கொடுத்திருக்கலாம். கோளாறு வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாகும். அவர் சந்தோஷமாகப் போவார், அப்புறம் ஒரு காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். பட்டறைக்கு ஒரு நிரந்தர வாடிக்கை. தவுக்கே ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தக் காலையில் வண்டியில் யார் படுத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"வேண்டிக்கிட்டது யாரு? நீங்களா, அவங்களா?" என்று கேட்டேன்.

"அவதான்."

"வாங்க, அவங்களக் கேப்போம்."

தவுக்கே முணுமுணுத்தார். "வயரிங் வேலைக்கு பொண்டாட்டிய எதுக்குக் கேக்கணும் லா?" என்றார். இன்றைக்கு எனக்கு நாள் கூலி, எங்கே தேடுவது என்பது என் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். பேட்டரியைத் திரும்ப மாட்டியதும், அது ஏறியிருந்ததால் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். மழைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அஞ்சலை வந்தார். ஒல்லியான, கண்டிப்பான முகமுள்ள பெண்மணி. கைவிரலெல்லாம் கொழுந்துக் கறை. வண்டி விற்கும் பேச்சுக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"யாவாரி வந்துட்டாரு. கோயில் பக்கம் ஒக்காந்திருக்காரு," என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சின்னையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அஞ்சலை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நின்ன காடியில எரியற வெளக்காலதான் இத்தனையுமா அண்ணே?"

"ஆமாம்மா."

"நின்ன காடிக்கு வெளக்கு வைக்கச் சொல்லி நான் எங்க வேண்டுனேன்?" அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "நீங்க ரோட்டுல போறப்ப அணையக்கூடாதுன்னு வேண்டுனேன். அந்த வயர்மேனும் நீங்களுமாச் சேந்து ராத்திரி பகல்னு போட்டு வச்சீங்க. ஆம்பளைங்க வேலை, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன். என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இத்தனை பட்டறை, இத்தனை சாமான், இத்தனை காசு. வேண்டிக்கொண்ட ஆளை ஒருத்தரும் கேட்கவில்லை.

"தப்பாயிடாதா?" என்றார் சின்னையா, சின்னக் குரலில்.

"என் வேண்டுதல். எனக்குத் தெரியாதா?" என்றார் அஞ்சலை. பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார். அந்த வியாபாரியிடம் அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "காடி விக்கலண்ணே. கோவிச்சுக்காதீங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் வைத்து வேலையைச் செய்தேன். பேட்டரிக்குப் போன ஒயரைப் பிரித்து, சாவியிலிருந்து வரும் ஒயரில் சேர்த்தேன். கைமுழம் அளவு ஒயர்கூடச் செலவாகவில்லை. சின்னையா வண்டிக்குள் உட்கார்ந்து முருகன் படத்தின் மேல் கைவைத்துக்கொண்டே இருந்தார். நான் பிரித்து மாட்டும் அந்த நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் பேசிய கூலியைக் கொடுத்தார்.

"ஒயருக்கு?"

"ஒயரு சும்மா."

கூலியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த லயமே என்னைப் பெரிய மனிதன் என்று பேசியிருக்கும். ஆனால் கைமுழம் ஒயருக்குக் காசு வாங்காத ஒயர்க்காரன் என்றுதான் பேசியிருப்பார்கள். நாளெல்லாம் தேடிய வேலை அதில் காணாமல் போயிருக்கும். அடுத்து தேட வருகிறவன், அது நீங்களாகவும் இருக்கலாம், அவன் என்ன கேட்டாலும் கொள்ளையாகத் தெரியும். சின்னையா தோட்டத்தில் நாள் கூலிக்கு வேலை செய்தவர். கொடுக்கும்போது அவர் முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை. சாக்கில் இருந்த டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் அந்த மாதமே நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்தேன். அதற்கு எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன், ஏனென்றால் அதில் தேடும் வேலை இல்லை.

ஆனால் அன்றைக்கு வேலை அதோடு முடியவில்லை. கோளாறு தீர்ந்ததா என்று பார்க்காமல் எந்த வண்டியையும் விட்டுவிட்டு வரக்கூடாது. இஞ்சினைக் கிளப்பச் சொன்னேன், விளக்கும் எரிந்தது. "இப்ப சாவிய எடுங்க," என்றேன்.

சின்னையா சாவியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருப்பவில்லை. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவரை அவசரப்படுத்தவுமில்லை. அந்தச் சாவியை எடுப்பது ஒயர்க்காரன் செய்யக்கூடிய வேலை அல்ல.

கடைசியில் திருப்பினார். இஞ்சின் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. முருகன் படம் இருட்டுக்குள் போய்விட்டது. சின்னையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலை வீட்டுக்குள்ளிருந்து வந்தார். என்னைத் தாண்டிப் போய் வண்டிக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கிலிருந்து புருஷனின் கையை மெல்லப் பிரித்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்துட்டீங்க," என்றார். "இனிமே நான் பாத்துக்கறேன். எறங்குங்க."